அறைகலனில் "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்று எழுதும்போது நாம் யாரிடம் சொல்கிறோம்?

இருக்கைவடிவம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நாங்கள் வடிவமைத்த அலுவலக நாற்காலி ஒன்று உற்பத்திக்குப் போகவிருக்கிறது. அதன் அடிப்பகுதியில் இடம்பெறும் விவரச்சீட்டுக்கும் விற்பனைக் கையேட்டுக்கும் வாசகம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. விற்பனைப் பிரிவினர் அனுப்பிய வரைவில், மூன்று அம்புகள் சுழலும் குறியும் அதன் பக்கத்தில் "88 விழுக்காடு மறுசுழற்சிக்கு ஏற்றது" என்ற ஒரே வரியும் உள்ளன. அந்த எண் எப்படி வந்தது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பார்த்த பிறகு அதை அப்படியே அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

நாற்காலியின் மொத்த எடை 14 கிலோ. அதில் எஃகு 5.5 கிலோ, அலுமினிய ஐங்கால் 2.5 கிலோ, கண்ணாடி இழை கலந்த நைலான் 2 கிலோ, முதுகுப் பலகையான பாலிபுரோப்பிலீன் 1.5 கிலோ, இருக்கைக்கு அடியிலுள்ள ஒட்டுப்பலகை 0.8 கிலோ, பாலியூரித்தேன் நுரை 1.3 கிலோ, மேலுறைத் துணி 0.4 கிலோ. நுரையையும் துணியையும் மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் கூட்டினால் 88 விழுக்காடு வருகிறது. நைலானையும் ஒட்டுப்பலகையையும் நடைமுறையில் வாங்குவோர் அரிது என்று கருதி விலக்கினால் அது 68 ஆகிவிடுகிறது. உலோகத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் 57தான். நாற்காலி ஒன்று, எடையும் ஒன்று. ஆனால் மூன்று எண்களையும் ஏதோ ஒரு பொருளில் உண்மை என்று வாதிட முடிகிறது.

இவற்றில் எதைச் சொல்வது சரி, அதை எந்த இடத்தில் சொல்வது, யார் படிப்பதற்காகச் சொல்வது என்பதே என் கேள்வி. வடிவமைப்பு, உற்பத்தி, பிரித்தெடுத்தல் ஆகிய துறைகளில் இருப்போர் தம் அனுபவத்திலிருந்து விடை சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

உலைக்களம்

பழைய உலோகத்தையும் நெகிழியையும் பிரிக்கும் ஆலையில் பணிபுரிகிறேன். உங்கள் நாற்காலி அதன் ஆயுளின் முடிவில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேரும். அது எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாற்காலி தனியாக வருவதில்லை. மேசைக் கால்கள், அலமாரித் தகடுகள், உடைந்த சக்கரங்கள் ஆகியவற்றோடு குவியலாக வருகிறது. ஒருவர் கையால் பிரித்தால் சில நிமிடங்களுக்குள் வேலை முடிய வேண்டும். அதற்கு மேல் ஆனால், கிடைக்கும் பொருளின் மதிப்பு கூலிக்கே போதாது. ஆகவே பெரும்பாலானவை முழுதாக நொறுக்கு இயந்திரத்துக்குள் போகின்றன. நொறுங்கிய துண்டுகளிலிருந்து எஃகைக் காந்தம் இழுத்துக்கொள்கிறது. அலுமினியத்தைச் சுழல் மின்னோட்டப் பிரிப்பான் எற்றி எடுக்கிறது. அதன் பிறகு எஞ்சுவது நெகிழித் துண்டு, நுரைத் தூள், துணி நார், மரச் சிராய் எல்லாம் கலந்த ஒரு குப்பை. அதில் பெரும்பகுதி எரிப்பதற்கோ புதைப்பதற்கோ போகிறது.

பெரும்பாலான அலுவலக நாற்காலிகளின் நெகிழிப் பாகங்கள் கருப்பு நிறம் கொண்டவை. கருப்பு நிறத்துக்குப் பெரும்பாலும் கார்பன் பிளாக் நிறமியைச் சேர்க்கிறார்கள். நெகிழிகளை வகை பிரிக்கும் ஒளியுணரிகள் அண்மை அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டு இது எந்த நெகிழி என்று அறிகின்றன. கார்பன் பிளாக் அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால், உணரியின் முன்னே அந்தப் பாகம் இல்லாதது போலவே கடந்து போய்விடும். பிறகு தண்ணீர்த் தொட்டிதான் கதி. பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி 0.9 அளவில் இருப்பதால் அது மிதக்கும்; கண்ணாடி இழை 30 விழுக்காடு கலந்த நைலான் 1.36 அளவில் இருப்பதால் மூழ்கும். ஆனால் உங்கள் பாலிபுரோப்பிலீனில் விறைப்புக்காக டால்க் தூளைத் தாராளமாகச் சேர்த்திருந்தால் அதுவும் மூழ்கி, நைலானோடும் மற்றவற்றோடும் கலந்துவிடும். விவரச்சீட்டில் "மறுசுழற்சிக்கு ஏற்ற பாலிபுரோப்பிலீன்" என்று எழுதியிருந்தாலும் தொட்டியின் அடியில் அதற்கு மதிப்பில்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன், ஏனெனில் இது உயிர் தொடர்பானது. இருக்கையை உயர்த்தும் தாழ்த்தும் உருளையில் அழுத்தப்பட்ட நைட்ரஜன் இருக்கிறது. அதை அறுப்பதும் சூடாக்குவதும் ஆபத்து. பல நாற்காலிகளில் இந்த எச்சரிக்கை மேலுறைக் குழாயால் மறைந்த இடத்தில் ஒரு காகித ஒட்டியாக இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த ஒட்டி இருக்காது. மறுசுழற்சி குறித்து எதை எழுதினாலும் எழுதாவிட்டாலும், இதை மட்டும் அழியாதபடி பொறித்துவிடுங்கள்.

---

தரநூல்

எண்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். உற்பத்தியாளர் தாமே சொல்லிக்கொள்ளும் சுற்றுச்சூழல் கூற்றுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 14021 என்ற பன்னாட்டுத் தரநிலை 1999 முதல் உள்ளது. 2016-இல் அதற்குப் புதிய பதிப்பும் வந்தது. அந்தத் தரநிலையின்படி, ஒரு பொருளை மறுசுழற்சிக்கு ஏற்றது என்று சொல்ல வேண்டுமானால் அது வேதியியல் அளவில் உருகினால் போதாது. கிடைக்கக்கூடிய நடைமுறைகள் வழியாக அதைக் கழிவிலிருந்து விலக்கி, சேகரித்து, பதப்படுத்தி, மூலப்பொருளாகவோ பொருளாகவோ மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடிய வேண்டும். வாங்குவோரில் நியாயமான பங்கினருக்குச் சேகரிப்பு வசதி எட்டாத நிலையில், அந்த வரம்பைக் கூற்றோடு சேர்த்தே சொல்ல வேண்டும். "வசதி உள்ள இடங்களில் மறுசுழற்சி செய்யலாம்" என்று பொதுப்படையாகப் போடும் வாசகம் போதாது என்று அத்தரநிலை வெளிப்படையாகவே கூறுகிறது. எத்தனையோ விற்பனைக் கையேடுகளில் இன்றும் அந்த வாசகத்தைத்தான் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1992-இல் வெளியிட்டு 2012-இல் கடைசியாகத் திருத்திய வழிகாட்டு நெறிகளில் இதற்கு ஓர் அளவே உண்டு. பொருள் விற்கப்படும் இடங்களில் குறைந்தது 60 விழுக்காட்டு நுகர்வோருக்கோ சமூகங்களுக்கோ மறுசுழற்சி வசதி இருந்தால்தான் வரம்பு எதுவும் கூறாமல் "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்று சொல்லலாம். அதைவிட உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது அதே நெறிகளில் உள்ள இன்னொரு கருத்து: ஒரு பொருளின் பெரும்பகுதி மறுசுழற்சிக்கு ஏற்றதாக இருந்தாலும், அதிலுள்ள ஏதேனும் ஒரு பாகம் அந்த மறுசுழற்சியைக் கணிசமாகத் தடுக்குமானால், அந்தக் கூற்று ஏமாற்றும் தன்மையுடையதாகக் கருதப்படும். ஒட்டுப்பலகையோடு பசையால் ஒட்டிய நுரை, நுரையோடு பசையால் ஒட்டிய துணி என்று உங்கள் இருக்கை அமைந்திருந்தால், ஒட்டுப்பலகையின் 0.8 கிலோவை 88-க்குள் சேர்த்தது தவறு. அது பிரிந்து வராது.

அம்புக்குறி பற்றியும் ஒரு சொல். 1970-இல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்த அந்தக் குறி எவருக்கும் தனியுரிமை இல்லாத பொதுச் சொத்தாகிவிட்டது. ஐ.எஸ்.ஓ. 14021 அதை இரண்டு பொருளில் அனுமதிக்கிறது. எண் இல்லாமல் தனியே நின்றால் மறுசுழற்சிக்கு ஏற்றது என்று பொருள். அதனுடன் விழுக்காட்டு எண் சேர்ந்தால், மறுசுழற்சி செய்யப்பட்ட பொருள் அத்தனை விழுக்காடு உள்ளே இருக்கிறது என்று பொருள். உங்கள் விற்பனைப் பிரிவினர் 88 என்ற எண்ணை அம்புக்குறியின் பக்கத்தில் வைத்த கணத்திலேயே, பழைய பொருளைக் கொண்டு நாற்காலியில் 88 விழுக்காடு செய்திருப்பதாகப் படிக்க இடம் தந்துவிட்டார்கள்.

இந்த இரண்டும் ஒன்றையொன்று உறுதி செய்வதில்லை. எமெக்கோ நிறுவனம் கோகோ கோலாவுடன் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட 111 நேவி நாற்காலி, 111 பெட் (PET) நெகிழிப் புட்டிகளிலிருந்து கிடைத்த நெகிழியைக் கொண்டு செய்யப்பட்டது. புட்டிகள் குப்பைக்குப் போகாமல் நீண்ட ஆயுளுள்ள இருக்கையானது நல்ல செய்தி. அதே சமயம் உறுதிக்காக அந்த நெகிழியில் கண்ணாடி இழையைக் கலந்திருக்கிறார்கள். எனவே அந்த நாற்காலியை மீண்டும் புட்டிகளின் ஓடையில் போட முடியாது. எங்கிருந்து வந்தது என்பதும் எங்கே போகும் என்பதும் தனித்தனிச் செய்திகள். அவற்றை ஒரே வரியில் கட்டக் கூடாது.

---

உள்ளலங்காரம்

மேலே எழுதிய இருவரிடமும் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் மாறுபடுகிறேன். அலுவலகங்களுக்கு அறைகலன் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் தொழில். வாங்குபவர் முன்னால் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளின் கையேடுகள் கிடக்கும். ஒவ்வொன்றையும் புரட்ட அவருக்கு இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒப்பிடுவதற்கு ஓர் எண் இருந்தால் பார்ப்பார். இரண்டு பத்தி விளக்கம் இருந்தால் அடுத்த கையேட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் நேர்மையாக 57 என்று எழுதி, போட்டியாளர் துணிந்து 95 என்று எழுதினால், உண்மையில் நல்ல நாற்காலி தோற்று, மோசமான நாற்காலி விற்கும். அது சூழலுக்கு நன்மையா?

எண்ணால் நன்மை விளைந்ததும் உண்டு. 2003-இல் ஹெர்மன் மில்லர் தன் மிர்ரா நாற்காலியை எடையளவில் 96 விழுக்காடு வரை மறுசுழற்சிக்கு ஏற்றது என்றும், 2004-இல் ஸ்டீல்கேஸ் தன் திங்க் நாற்காலியை 99 விழுக்காடு வரை என்றும் அறிவித்தன. அந்த எண்களுக்காகவே வடிவமைப்பாளர்கள் பசையைத் தவிர்த்தார்கள், திருகுகளைக் குறைத்தார்கள், பொருள் வகைகளைக் குறைத்தார்கள். எண் இல்லையென்றால் அந்த முயற்சிக்கு யார் பணம் ஒதுக்கியிருப்பார்கள்?

---

இருக்கைவடிவம்

நல்ல எதிர்வாதம். ஆனால் நீங்கள் சொன்ன திங்க் நாற்காலியின் அறிவிப்பில், சாதாரணக் கைக்கருவிகளைக் கொண்டு ஏறத்தாழ ஐந்து நிமிடத்தில் பிரிக்கலாம் என்ற செய்தியும் இருந்தது. உலைக்களம் எழுதியதைப் படித்த பிறகு, 99 என்ற எண்ணைவிட அந்த ஐந்து நிமிடமே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வாங்குபவர் அதை ஒப்பிடவும் முடியும், பிரிப்பவர் அதைச் செய்து பார்க்கவும் முடியும்.

பாகங்களின் மேலேயே பொருளின் பெயரைப் பொறிப்பது பற்றி இன்னும் எவரும் பேசவில்லை. நெகிழி வார்ப்பு அச்சு செய்வோர் இங்கே உண்டா?

---

அச்சுப்பட்டறை

உண்டு. ஊசி வார்ப்பு அச்சுகள் செய்யும் பட்டறை எங்களுடையது. இந்தக் கேள்வியை வடிவமைப்பாளர்கள் அச்சு முடிந்த பிறகுதான் வழக்கமாகக் கேட்பார்கள். நீங்கள் முன்னதாகவே கேட்பது மகிழ்ச்சி.

நெகிழிப் பாகங்களைக் குறிக்க ஐ.எஸ்.ஓ. 11469 என்ற தரநிலை இருக்கிறது. இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே நெகிழியின் சுருக்கக் குறியீட்டையும், கலந்துள்ள நிரப்பியின் வகையையும் அளவையும் எழுத வேண்டும். நைலான் 6-இல் 30 விழுக்காடு கண்ணாடி இழை என்றால் பி.ஏ.6-ஜி.எஃப்.30. பாலிபுரோப்பிலீனில் 20 விழுக்காடு டால்க் என்றால் பி.பி.-டி.டி.20. புட்டிகளின் அடியில் காணும் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரையிலான எண் நாற்காலிக்குப் போதவே போதாது. அந்த முறை 1988-இல் வீட்டுக் கொள்கலன்களைப் பிரிப்பதற்காக அமெரிக்க நெகிழித் தொழில் சங்கம் கொண்டுவந்தது. அதில் நைலான், ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் எல்லாம் 7 என்ற ஒரே எண்ணுக்குள் "மற்றவை" ஆகிவிடுகின்றன. அம்புகள் இருப்பதால் மறுசுழற்சியாகும் என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதால், 2013-இல் அந்த அம்புகளையும் எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக்கினார்கள். உங்கள் நைலான் பாகத்தில் 7 என்று பொறித்தால் பிரிப்பவருக்கு எதுவும் சொல்லாததற்குச் சமம்.

இனி நடைமுறை. எழுத்தை அச்சின் எஃகில் நேரடியாகச் செதுக்கினால் பாகத்தில் எழுத்து மேடாக வரும். அது தேயாது, கழன்று விழாது, பாகத்துக்குக் கூடுதல் செலவும் இல்லை. ஆனால் உற்பத்தி தொடங்கி ஓராண்டு ஆன பிறகு, கொள்முதல் பிரிவு விலை குறைவு என்று 30 விழுக்காட்டு இழையிலிருந்து 15 விழுக்காட்டு இழைக்கு மாறும். அச்சில் பழைய எழுத்தே இருக்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு பாகமும் தன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டே வெளியே வரும். பழைய பாகங்களைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. பொறித்த எழுத்துக்கும் உண்மையான பொருளுக்கும் தொடர்பில்லாதவற்றைக் கண்டிருக்கிறேன். எழுத்தே இல்லாத பாகத்தைப் பிரிப்பவர் ஐயத்தோடு சோதிப்பார். தவறான எழுத்துள்ள பாகத்தை நம்பிப் போட்டு ஒரு தொகுதியையே கெடுத்துவிடுவார். ஆகவே குறியீட்டைக் கழற்றி மாற்றக்கூடிய சிறு உருளைச் செருகில் வெட்டச் சொல்லுங்கள். உற்பத்தி மாதத்தையும் ஆண்டையும் காட்டும் அம்புச் செருகு ஏற்கெனவே பெரும்பாலான அச்சுகளில் உண்டு; அதன் பக்கத்திலேயே பொருள் குறியீட்டுச் செருகையும் வைத்துவிடலாம். பொருளை மாற்றும் ஆணையில் செருகை மாற்றும் வரியும் இருந்தால்தான் அது நிற்கும்.

இடமும் முக்கியம். நாற்காலியைக் கவிழ்த்ததும், எதையும் கழற்றாமல், கண்ணுக்குப் படும் பரப்பில் எழுத்து இருக்க வேண்டும். கழற்றிய பிறகுதான் என்ன பொருள் என்று தெரியுமென்றால், கழற்றலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது உதவாது. உள்ளே பித்தளைத் திருகுப்புரிச் செருகு இருந்தால் அந்த இடத்தையும் ஒரு சிறு குறியால் காட்டுங்கள். அரவை இயந்திரத்தின் கத்திக்கு அது எமன். பாலிபுரோப்பிலீன் பாகத்தில் காகித ஒட்டியே வேண்டாம். மறுசுழற்சிக்கு ஏற்றது என்று அறிவிக்கும் அந்தக் காகிதமும் பசையும்தான் உருக்கும்போது முதல் அழுக்கு.

---

பலகையாளர்

உங்கள் நாற்காலியில் ஒட்டுப்பலகை கொஞ்சம்தான். ஆனாலும் இழையைப் படிப்போரில் மேசையும் அலமாரியும் செய்வோர் இருப்பார்கள் என்பதால் மரப்பலகை பற்றிச் சில வரிகள்.

"மரம் இயற்கையானது, ஆகவே மறுசுழற்சிக்கு ஏற்றது" என்ற வாசகத்தை எங்கள் துறை தாராளமாகப் பயன்படுத்துகிறது. முழு மரத்துக்கும் துகள் பலகைக்கும் மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகைக்கும் ஒரே வாசகம் பொருந்தாது. பழைய மரத்தை நொறுக்கிப் புதிய துகள் பலகை செய்யும் தொழில் இத்தாலியில் பெரிய அளவில் நடக்கிறது. ஆகவே துகள் பலகைக்கு வழி உண்டு. எம்.டி.எஃப்.-இல் நார் ஏற்கெனவே பஞ்சுபோல் அரைபட்டு, வெப்பத்தால் இறுகும் பிசினில் பிணைந்திருக்கிறது. அதை மீண்டும் நொறுக்கினால் துகள் பலகைக்குத் தேவையான சிராய் கிடைக்காமல் தூள்தான் கிடைக்கும். எனவே பல ஆலைகள் அதை விரும்புவதில்லை. மேலே மர ரேகை அச்சிட்டு ஒட்டிய பி.வி.சி. தாள் இருந்தால் இரண்டுக்குமே சிக்கல். வெளியே பார்த்தால் இவற்றில் எது எது என்று வாங்குபவருக்கும் தெரியாது, பிரிப்பவருக்கும் தெரியாது. விளிம்புப் பட்டையை உரித்துப் பார்த்தால்தான் தெரியும். பலகையின் மறைவிளிம்பில் வகையையும் மேற்பூச்சையும் மையால் அச்சிட்டால் செலவு மிகச் சிறிது. நாங்கள் உற்பத்திக்காக அங்கே ஏற்கெனவே தொகுதி எண் அச்சிடுகிறோம்.

---

மெத்தைத்தையல்

மெத்தை இருக்கைகளைப் பழுதுபார்த்து மறு உறை தைப்பது என் வேலை. மேலே எல்லோரும் நுரையைக் கைவிட்டுவிட்டீர்கள். அது புரிந்துகொள்ளக்கூடியதே, பாலியூரித்தேன் நுரை உருகாது. நொறுக்கி, பசையிட்டு அழுத்தி, தரைவிரிப்பின் அடித்தளமாக்குவதுதான் பரவலாக நடப்பது. வேதி முறையில் மூலக்கூறுகளாகத் திருப்பும் ஆலைகள் வளர்ந்துவருகின்றன. ஆனால் நுரையைப் பற்றிய தகவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது; அதை இந்த இழையில் சொல்லியே ஆக வேண்டும்.

தீ பரவாமல் தடுக்க நுரையிலும் துணியிலும் நெடுங்காலம் புரோமின் சேர்ந்த வேதிப்பொருள்களைச் சேர்த்துவந்தார்கள். அவற்றில் சில சூழலில் சிதையாமல் தங்கி உயிர்களின் உடலில் சேர்பவை என்பதால், 2009-இலும் 2017-இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் இடம்பெற்றன. இங்கிலாந்தில் பழைய சோபாக்களையும் மெத்தை நாற்காலிகளையும் சோதித்தபோது இவை பரவலாக இருப்பது தெரியவந்தது. 2023 முதல், வீட்டு உபயோக மெத்தை இருக்கைக் கழிவில் இப்பொருள்கள் இல்லை என்று நிறுவ முடியாவிட்டால், இருப்பதாகவே கொண்டு எரித்து அழிக்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே வந்துவிட்டது. நொறுக்கும்போது மற்றக் குப்பையோடு கலந்துவிட்டால் அந்தக் குப்பையும் எரிக்கப்பட வேண்டும்.

இதில் நான் காண்பது இதுதான். அந்தக் குவியலில் தீங்கில்லாத நுரை கொண்ட இருக்கைகளும் கட்டாயம் இருந்திருக்கும். எதில் என்ன சேர்த்தோம் என்று எவரும் நுரையின் மேல் எழுதி வைக்காததால், நல்லதும் கெட்டதும் ஒரே உலைக்குப் போகின்றன. "மறுசுழற்சிக்கு ஏற்றது" என்று ஒரு வரி எழுதுவதைவிட, "இந்த நுரையில் புரோமின் போன்ற ஆலசன் சேர்ந்த தீத்தடுப்பான் சேர்க்கப்படவில்லை" என்று உற்பத்தி ஆண்டோடு ஒரு வரி எழுதுவது பின்னால் வருபவருக்குப் பன்மடங்கு பயன் தரும். உண்மையாக இருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உறையைப் பசையால் ஒட்டாமல் இழுப்புக் கயிற்றாலோ கொக்கிப் பட்டையாலோ மாட்டுங்கள் என்ற வேண்டுகோளும் உண்டு. நானும் அதை எளிதாகக் கழற்றுவேன். ஆகவே நாற்காலி உலைக்குப் போகும் நாளே பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

---

உள்ளலங்காரம்

நுரை பற்றிய தகவல் எனக்கு முற்றிலும் புதியது, நன்றி. பிரிப்பவருக்கான செய்தியை நாற்காலியின் மேலும், வாங்குபவருக்கான செய்தியைக் கையேட்டிலும் வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆயினும் போட்டியாளரின் 95 பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. நேர்மையாக எழுதுபவருக்கு இழப்பு நேராமல் இருக்க என்ன வழி?

---

தரநூல்

ஒரு பகுதி சட்டத்திலிருந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/825 எண்ணுள்ள ஆணை 2026 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்கு உரியது. சான்றளிப்பு முறையோ அரசு அதிகார அமைப்போ பின்னால் இல்லாத நிலைத்தன்மை முத்திரைகளையும், நிறுவ முடியாத பொதுப்படையான சூழல் புகழ்மொழிகளையும், ஒரு பகுதிக்கு மட்டும் உரியதை முழுப் பொருளுக்கும் உரியதாகச் சொல்வதையும் அது தடைசெய்கிறது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். உலோகச் சட்டத்துக்கு உண்மையானதை நாற்காலி முழுவதற்கும் ஏற்றிச் சொல்லும் வழக்கத்தை அது நேராகத் தொடுகிறது. பிரான்சில் 2020-இல் வந்த சுழற்சிப் பொருளாதாரச் சட்டத்தின் கீழ், "சூழலுக்கு உகந்தது" போன்ற வாசகங்களுக்கு ஏற்கெனவே தடை இருக்கிறது. அறைகலன் உட்படப் பல பொருள்களின் மறுசுழற்சித் தகுதியை வகுத்த சொற்களில் தெரிவிக்க வேண்டிய கடமையும் இருக்கிறது.

இன்னொரு பகுதி, எண்ணின் மேல் கேள்வி கேட்கும் பழக்கத்திலிருந்து வர வேண்டும். நீங்கள் வாங்குபவருக்காகத் தேர்ந்தெடுப்பவர். போட்டியாளரின் 95-ஐப் பார்த்ததும் மூன்று கேள்வி கேட்கலாம். எந்தப் பாகங்களைச் சேர்த்தீர்கள்? அவற்றை எந்தக் கருவியால் எவ்வளவு நேரத்தில் பிரிக்கலாம்? பிரித்த பொருளை இன்று எவர் வாங்கிக்கொள்கிறார்? இந்த மூன்றுக்கும் விடை தரும் 57, விடை தராத 95-ஐவிடக் கொள்முதல் குழுவின் முன்னால் வலுவானது. அந்தக் கேள்விகளை ஒப்பந்தப்புள்ளிப் படிவத்திலேயே அச்சிட்டுவிட்டால், நேர்மையாக எழுதுபவர் தனியாக நிற்க வேண்டியதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1781 எண்ணுள்ள ஒழுங்குவிதி, பொருள்களுக்கு எண்மக் கடவுச்சீட்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்துள்ளது. 2025-இல் வெளியான அதன் முதல் செயல்திட்டத்தில் அறைகலனும் மெத்தையும் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. பொருளின் மேல் ஒரு குறியீடு. அதைக் கைப்பேசியால் படித்தால் பொருள் விவரம், பிரிக்கும் முறை, கவலைக்குரிய வேதிப்பொருள்கள் எல்லாம் திறக்கும். வாங்குபவர், பழுதுபார்ப்பவர், பிரிப்பவர் ஆகியோருக்கு வெவ்வேறு அளவில் தகவலைத் திறந்துவிடவும் அதில் இடமுண்டு. உற்பத்தியாளர் தொழிலை மூடிவிட்டாலும் தகவல் கிடைக்க வேண்டும் என்பதால், காப்புப்படி ஒன்றை வேறிடத்தில் வைக்கும் கடமையும் அந்த விதியில் உள்ளது. நாற்காலி பல நிறுவனங்களைவிட நீண்ட நாள் வாழக்கூடியது. ஆகவே அது தேவையான ஏற்பாடே.

---

இருக்கைவடிவம்

அனைவர் கருத்தையும் கொண்டு புதிய வரைவு எழுதியிருக்கிறேன். அம்புக்குறியை எடுத்துவிட்டேன்.

விற்பனைக் கையேட்டில்: "இந்த நாற்காலியின் எடையில் 57 விழுக்காடு எஃகும் அலுமினியமும். பழைய உலோகம் வாங்கும் இடங்களில் இவற்றை ஏற்றுக்கொள்வார்கள். முதுகுப் பலகையான பாலிபுரோப்பிலீன் மேலும் 11 விழுக்காடு. வகைபிரித்து வாங்கும் ஆலை இருந்தால் இதையும் மறுசுழற்சி செய்யலாம். கண்ணாடி இழை கலந்த நைலான் 14 விழுக்காடு. இதற்கு வாங்குவோர் குறைவு. நுரை, துணி, ஒட்டுப்பலகை ஆகியவற்றுக்கு இப்போது பொதுவான மறுசுழற்சி வழி இல்லை. இருக்கை உறையையும் நுரையையும் தனியே வாங்கி மாற்றிக்கொள்ளலாம்."

நாற்காலியின் அடியில்: ஒவ்வொரு நெகிழிப் பாகத்திலும் மாற்றக்கூடிய செருகால் வந்த குறியீடு, எஃகுத் தகட்டில் பிரிக்கும் வரிசையைக் காட்டும் கோட்டுப்படம், உருளைக்கான அழுத்த எச்சரிக்கை, நுரையின் தீத்தடுப்பான் விவரம். இருக்கையில் பசையை நீக்கி இழுப்புக் கயிறு உறைக்கு மாற உற்பத்திப் பிரிவு ஒப்புக்கொண்டுள்ளது. முதுகுப் பலகைக்குக் கருப்பு நிறத்தை விட்டுவிட்டு, அகச்சிவப்பு உணரி படிக்கக்கூடிய அடர்சாம்பல் நிறமியைக் கேட்டிருக்கிறேன்.

ஐயம் ஒன்று மீதமிருக்கிறது. பிரிக்கும் நேரத்தையும் எழுத விரும்புகிறேன். எங்கள் வடிவமைப்பு அறையில் புதிய நாற்காலியைப் பிரித்துப் பார்த்த நேரத்தை எழுதலாமா?

---

உலைக்களம்

எழுத வேண்டாம். புதிய நாற்காலியின் திருகு சுழலும். பல ஆண்டுகள் பாரம் தாங்கிய திருகு துருவேறி இறுகியிருக்கும். உருளையும் ஐங்காலும் கூம்புப் பொருத்தத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு சுத்தியலடி இல்லாமல் அசையாது. தேய்ந்த பழைய நாற்காலிகள் சிலவற்றை, அதை வடிவமைத்தவர் அல்லாத ஒருவரிடம், கோட்டுப்படத்தை மட்டும் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இந்த வகை இன்னும் பழையதாகவில்லை என்றால், இதே உருளையும் கூம்பும் உள்ள உங்கள் முந்தைய வகையை எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தையும் எந்தக் கருவிகள் தேவைப்பட்டன என்பதையும் எழுதினால் நாங்கள் நம்புவோம்.

வரைவில் ஒரு திருத்தம்: "வாங்குவோர் குறைவு" என்ற நிலை மாறக்கூடியது. கையேட்டில் அந்த வரியின் பக்கத்தில் ஆண்டைப் போடுங்கள். நாற்காலியின் மேல் அதைப் போடவே வேண்டாம். நைலான் என்ன நைலான் என்பது இருபது ஆண்டு கழித்தும் மாறாது. அதை எவர் வாங்குவார் என்பது மாறிவிடும்.

---

அச்சுப்பட்டறை

அதே காரணத்தால் கைப்பேசிக் குறியீட்டையும் உறையிலோ நெகிழியிலோ ஒட்டாமல், இருக்கைக்கு அடியிலுள்ள எஃகுத் தகட்டில் லேசர் கொண்டு பொறித்துவிடுங்கள். உறை மாறும், கைப்பிடி மாறும், சக்கரம் மாறும். அந்தத் தகடு மட்டும் கடைசி வரை அதே நாற்காலியோடு இருக்கும். பவுடர் பூச்சுக்கு முன்னால் பொறித்தால் பூச்சு நிரம்பிப் படிக்க முடியாமல் போகும். பூச்சு முடிந்த பிறகு பொறிக்கச் சொல்லுங்கள். பொறித்த இடத்தில் எஃகு வெளித்தெரிந்தால் துருப்பிடிக்கும் என்பதால், மெல்லிய தெளிபூச்சு ஒன்றை அதன் மேல் கேட்டு வாங்குங்கள். குறியீட்டுக்குக் கீழே உற்பத்தி மாதமும் ஆண்டும் வகை எண்ணும் சாதாரண எழுத்திலும் இருக்கட்டும். கைப்பேசி இல்லாதவரும் இணைப்பு திறக்காதவரும் அதைக் கொண்டு தேடிக்கொள்வார்கள்.